மாநிலக் குறியீடு பெயராக மாற மறுப்பது ஏன்?

கேள்வி: ஜிஎஸ்டி எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களை மாநிலப் பெயராக மாற்ற பைத்தானில் டிக்‌ஷனரி (கீ எனப்படும் குறியீட்டுக்கு எதிரே பெயர் வைக்கும் பட்டியல்) எழுதினேன். 33 பட்டியலில் இருந்தும் 'கீ எரர்' (அந்தக் கீ இல்லை என்ற பிழை) வருகிறதே?

பதில்: டிக்‌ஷனரியில் 33-ஐ எண்ணாக எழுதியிருப்பீர்கள். ஜிஎஸ்டி எண்ணிலிருந்து வெட்டி எடுத்ததோ '33' என்ற ஸ்ட்ரிங், அதாவது எழுத்து வடிவம். பைத்தானுக்கு இரண்டும் வேறு வேறு. 'இன்ட்' போட்டு எண்ணாக மாற்றிச் சரிக்கட்ட வேண்டாம்: ஜம்மு காஷ்மீரின் 01 வெறும் 1 ஆகிவிடும். கீ எல்லாவற்றையும் மேற்கோளுக்குள் எழுதுங்கள்: '32' கேரளா, '33' தமிழ்நாடு, '34' புதுச்சேரி.

பெயரை எடுக்கச் சதுர அடைப்புக்குறியை விட 'கெட்' நல்லது. அதன் இரண்டாவது மதிப்பாக அந்தக் குறியீட்டையே கொடுத்துவிடுங்கள். பட்டியலில் இல்லாதது வந்தாலும் புரோகிராம் நிற்காது, விடுபட்டது எது என்றும் கண்ணில் படும். பாண்டாஸில் (அட்டவணைத் தரவைக் கையாளும் பைத்தான் நூலகம்) 'மேப்' போட்டு மாற்றினால், பட்டியலில் இல்லாத குறியீட்டின் இடம் வெற்றாகிவிடும், கவனம்.