மனு ரசீதை நம்பிக் காத்திருக்காதீர்கள்

கேள்வி: வணக்கம் அண்ணாச்சி. சேரன்மகாதேவி பக்கம் ஒரு ஊராட்சியில் வார்டு மெம்பராக இருக்கிறேன். கோவில் கொடை முடிந்த மறுநாள் எங்கள் தெருப் பையன்கள் இரண்டு பேரை டீக்கடை முன்னால் மறித்து, சாதியைச் சொல்லித் திட்டி அடித்துவிட்டார்கள். ஸ்டேஷனில் மனு ரசீது மட்டும் தந்தார்கள். பன்னிரண்டு நாளாகிவிட்டது. “பி.சி.ஆர். போட்டால் உங்கள் பையன்கள் மேலும் கேஸ் வரும், சமாதானமாகப் போங்கள்” என்கிறார்கள். அரசு நிவாரணப் பணம் வாங்கித் தருகிறேன் என்று ஒருத்தர் வீடு வீடாக வருகிறார். தெருவில் தினமும் என்னாச்சு என்று கேட்கிறார்கள். நான் என்ன சொல்ல?

பதில்: உள்ளதைச் சொல்லுங்கள் தங்கச்சி. கேஸ் இன்னும் பதிவாகவில்லை. மனு ரசீது என்பது உங்கள் காகிதம் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு அத்தாட்சி, அவ்வளவுதான். எஃப்.ஐ.ஆர். எண் வராதவரை கைதும் கிடையாது, நிவாரணமும் கிடையாது.

முதலில் “பி.சி.ஆர்.” என்ற சொல்லை விடுங்கள். அது 1955-ஆம் வருஷத்துக் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டம், தண்டனை குறைவு. உங்களுக்கு வேண்டியது 1989-ல் வந்த பட்டியல் சாதி, பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம். மனுவில் இந்தப் பெயரையே எழுதுங்கள். “சாதியைச் சொல்லித் திட்டினார்கள்” என்று பொதுவாக எழுதினால் கோர்ட்டில் நிற்காது. என்ன வார்த்தை சொன்னார்கள், எந்த இடம், பக்கத்தில் யார் யார் நின்றார்கள் என்பதெல்லாம் அப்படியே வரவேண்டும். பாளையங்கோட்டை ஐகிரவுண்ட் ஆஸ்பத்திரியிலோ வேறு அரசு ஆஸ்பத்திரியிலோ காட்டியிருந்தால் அந்தச் சீட்டின் நகலையும் சேருங்கள்.

விசாரித்துவிட்டு அப்புறம் பதிகிறோம் என்பார்கள். 2018-ல் சேர்த்த 18ஏ பிரிவு, இந்தச் சட்டத்தில் எஃப்.ஐ.ஆர். போட முன்விசாரணை தேவையில்லை என்று தெளிவாகச் சொல்கிறது. புலன்விசாரணை செய்ய வேண்டியவர் டி.எஸ்.பி. ஸ்டேஷன் வாசலில் சமாதானம் பேசி முடிக்க அங்கே யாருக்கும் அதிகாரம் இல்லை. முப்பத்தைந்து வருஷத்துக்கும் மேலாக இருக்கிற சட்டத்தை இன்னும் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நாமே வாசித்துக் காட்ட வேண்டியிருக்கிறது, எனக்கு இதில் பொறுமையே போய்விட்டது. 2023-ல் நாங்குநேரியில் ஒரு பட்டியல் சாதிப் பள்ளி மாணவனைச் சக மாணவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். பள்ளிகளில் சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல நீதிபதி சந்துரு குழு போட்டார்கள், 2024-ல் அறிக்கையும் வந்தது. அதற்குப் பிறகும் “சின்னப் பையன்கள் தகராறு” என்றே பேசினால் என்ன அர்த்தம்?

சரி, அந்த நிவாரணக்காரர். இதைத்தான் தெருவில் உரக்கச் சொல்ல வேண்டும். நிவாரணம் கலெக்டர் உத்தரவில் நேராகப் பாதிக்கப்பட்டவரின் வங்கிக் கணக்குக்கு வரும். அடிதடி, சாதி வசவு வழக்குகளில் எஃப்.ஐ.ஆர். போட்டதும் 25 சதவீதம், குற்றப்பத்திரிகை கோர்ட்டுக்குப் போனதும் 50, தண்டனை கிடைத்ததும் மீதி 25. இதில் எந்தக் கட்டத்திலும் ஒருவருக்குக் கமிஷன் தர வேண்டிய வேலையே இல்லை. வெற்றுத்தாளில் கையெழுத்துக் கேட்பார். அதுதான் பிறகு “புகாரை வாபஸ் பெறுகிறேன்” என்ற மனுவாக மாறும். இரண்டு பக்கமும் காசு வாங்கிக்கொண்டு சாட்சியைப் பிறழ வைத்தவர்களைப் பாளையங்கோட்டை கோர்ட்டில் நானே பார்த்திருக்கிறேன். அந்தக் குடும்பங்கள் கடைசியில் பணமும் இல்லாமல், ஊரிலும் தலைநிமிர முடியாமல் நின்றன.

நம் பக்கத்துக்கு முக்கியமான ஒரு விஷயம். பையன்களில் யாராவது கிறிஸ்தவரா? கிறிஸ்தவத்துக்கு மாறியவருக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கிடையாது; இந்து, சீக்கியர், பௌத்தருக்கு மட்டும்தான். அதனால் இந்தச் சட்டம் அவருக்குப் பொருந்தாது. ஆனால் பெயர் ஜான் என்பதற்காகவே ஒருவர் கிறிஸ்தவர் ஆகிவிட மாட்டார், ஒரே வீட்டில் அண்ணன் கோவிலுக்கும் தம்பி சர்ச்சுக்கும் போகிற ஊர் நம்முடையது. சான்றிதழில் என்ன இருக்கிறது என்று பாருங்கள். ஒருவர் கிறிஸ்தவர், மற்றவர் இந்து என்றால் இந்துப் பையனின் பெயரில் தனி மனு கொடுங்கள், இரண்டையும் ஒன்றாகப் போட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார். கிறிஸ்தவப் பையனை அடித்ததும் குற்றம்தான், சாதாரண அடிதடிப் பிரிவுகளில் அவருக்கும் எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகவேண்டும்.

எதிர்ப் புகார் வந்தால் வரட்டும். அதைக் காட்டி உங்கள் புகாரை நிறுத்திவைக்க முடியாது.

இப்போது செய்ய வேண்டியது: மனுவையும் ரசீது நகலையும் சேர்த்து மாவட்ட எஸ்.பி.க்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள். உங்கள் ஊர் திருநெல்வேலி மாநகர எல்லையில் இல்லை, கமிஷனர் ஆபீசில் போய் நின்று ஒரு நாளைக் கெடுக்க வேண்டாம். திங்கட்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் ஆபீசில் இன்னொரு நகல். வன்கொடுமைப் புகாருக்கான தேசிய உதவி எண் 14566-க்கும் போன் செய்து பதிந்து வையுங்கள். அப்படியும் அசையவில்லை என்றால் கோர்ட் வழியாகப் போகலாம். எஃப்.ஐ.ஆர். வந்ததும் நகலை இலவசமாகக் கேட்டு வாங்குங்கள். யாராவது ஏற்கெனவே அந்த நிவாரணக்காரருக்கு வெற்றுத்தாளில் கையெழுத்துப் போட்டிருந்தால் மறைக்க வேண்டாம், எஸ்.பி.க்கு எழுதும் மனுவிலேயே அதையும் ஒரு வரி எழுதிவிடச் சொல்லுங்கள்.