ஊழலும் வறுமையும் வன்முறைக் குற்றங்களை எப்படி வளர்க்கின்றன?

வறுமையை மட்டும் கூண்டில் ஏற்றாதீர்கள். 2022-ல் இந்தியாவில் பதிவான கொலைகள் 28,522. தென்னாப்பிரிக்காவில் 2022 ஏப்ரல் முதல் 2023 மார்ச் வரை 27,494. ஒன்று 140 கோடிப் பேர் வாழும் நாடு, மற்றது 6 கோடிப் பேர் வாழும் நாடு. தனிநபர் வருமானத்தில் தென்னாப்பிரிக்காதான் மேலே. ஏழ்மை மட்டுமே கத்தியைத் தூக்க வைக்கும் என்றால் இந்தக் கணக்கு இப்படி வந்திருக்காது.

தென்னாப்பிரிக்காவின் கதைக்கு நிறவெறி ஆட்சி விட்டுப்போன ஏற்றத்தாழ்வு, வேலையின்மை என்று பல வேர்கள் உண்டு. ஆனால் இதையும் பாருங்கள்: அந்நாட்டுப் போலீசின் தலைமை ஆணையராக இருந்த ஜாக்கி செலெபிக்கு, போதைப்பொருள் கடத்தல்காரர் ஒருவரிடம் லஞ்சம் வாங்கியதற்காக 2010-ல் 15 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. இன்டர்போலின் தலைவராகவும் இருந்தவர் அவர். உச்சியே விலைபோனால் அடிமட்டத்தில் யாரை நம்புவது?

கந்துவட்டிக்காரன் வீட்டு வாசலில் வந்து மிரட்டுகிறான் என்று வையுங்கள். ஸ்டேஷனில் புகாரை வாங்கவே காசு கேட்கிறார்கள். எதிராளி கூடுதலாகக் கொடுத்தால் புகார் கொடுத்தவர் மேலேயே வழக்கு பாயும். கடைசியில் அவர் போய் நிற்பது ஏரியா ரவுடியிடம். பஞ்சாயத்து அன்றைக்கே முடிந்துவிடும். அதற்கான கூலியைத்தான் பிறகு கேட்பார்கள்: மகனை அனுப்பு, ஒரு பொட்டலத்தைக் கொண்டுபோய்க் கொடுக்கணும். அப்புறம் ஒருவனை மிரட்டணும். அப்புறம் வெட்டணும். வெட்டியவனே உள்ளே போகவேண்டும் என்பதுகூட இல்லை. காசில்லாத வேறொரு பையன் அவனுக்குப் பதிலாகச் சரணடைவான், அவன் வீட்டுக்கு மாதாமாதம் பணம் போகும். ஆள் மாறியது விசாரிப்பவருக்கும் தெரியும். பையனின் வறுமையும் அதிகாரியின் லஞ்சமும் ஒரே வழக்குக் கட்டில் இருக்கின்றன.

இதைப் பார்த்து வெறுத்துப்போய் என்கவுன்டர் வேண்டும் என்பவர்களின் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் புகாரை விலைக்கு விற்றவர் கையில்தானே சுடும் உரிமையையும் கொடுக்கச் சொல்கிறோம்?

முன்னாள் சோவியத் நாடான ஜார்ஜியா 2004-ல் வேறு வழி எடுத்தது. லஞ்சத்தில் ஊறிய போக்குவரத்துப் போலீசைச் சேர்ந்த சுமார் 16,000 பேரை ஒட்டுமொத்தமாக வீட்டுக்கு அனுப்பியது. புதிதாக ஆளெடுத்து, சம்பளத்தைப் பல மடங்கு உயர்த்தி, ஸ்டேஷன்களுக்குக் கண்ணாடிச் சுவர் வைத்தது. அந்த ஆட்சியின் சிறைச் சித்திரவதைகள் 2012-ல் அம்பலமாயின, அதை மறைக்க மாட்டேன். ஆனாலும் தெருக் குற்றங்கள் வெகுவாகக் குறைந்தன, மக்கள் இன்னும் ஏழைகளாக இருந்தபோதே.