விலை இறங்கிய பழைய கார்: ஒரு கடிதம்

அன்புள்ள சார்,

2021 கடைசியில் 1972ஆம் வருடத்து எம்ஜிபி ரோட்ஸ்டர் (இருவர் அமரும் பிரிட்டிஷ் திறந்த கார்) ஒன்றை வாங்கினேன். பழைய கார் விலை ஏறிக்கொண்டேதான் போகும் என்றார்கள், நம்பி சேமிப்பில் பெரும்பகுதியைப் போட்டேன். இப்போது விற்க விசாரித்தால், வாங்கிய விலையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைத்துக் கேட்கிறார்கள். ஆனால் ஏதோ ஒரு ஃபெராரி பல கோடி டாலருக்கு ஏலம் போனதாகவும் படிக்கிறேன். சந்தை ஏறுகிறதா, இறங்குகிறதா? காத்திருக்கலாமா? ஓடினால் மதிப்பு குறையும் என்று வண்டியை எடுக்காமல் மூடியே வைத்திருக்கிறேன்.

ர.

அன்புள்ள ர.,

உங்கள் கடைசி வரிதான் என்னைக் கஷ்டப்படுத்தியது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் அந்த ஃபெராரியை மறந்துவிடுங்கள். ஃபெராரியின் 250 ஜிடிஓ என்ற பந்தயக் காரை 1962 முதல் 1964 வரை மொத்தமே 36தான் செய்தார்கள், அதில் ஒன்று 2018இல் ஏலத்தில் 4 கோடியே 84 லட்சம் டாலருக்குப் போனது. உங்கள் எம்ஜிபி 1962 முதல் 1980 வரை ஐந்து லட்சத்துக்கும் மேல் வெளிவந்த வண்டி, 1988லிருந்து அதற்குப் புது பாடியே வாங்கலாம், உதிரிபாகம் எதற்கும் பஞ்சமில்லை. வைத்து ஓட்டுகிறவருக்கு இது பெரிய வரம். விலை பறக்காததற்கும் இதுதான் காரணம்.

ஜிடிஓவின் விலையும் ஒருமுறை விழுந்திருக்கிறது. 1988இல் ஃபெராரி நிறுவனர் என்ஸோ ஃபெராரி இறந்ததும் விலை இன்னும் ஏறியது, ஜப்பானில் பணம் புரண்டுகொண்டிருந்த காலம், 1989இல் ஒரு ஜிடிஓ 1 கோடியே 46 லட்சம் டாலருக்குக் கைமாறியது. அதே கார் 1994இல் சுமார் 35 லட்சம் டாலருக்குத்தான் போனது. காரில் ஒரு குறையும் இல்லை, கடன் வாங்கிப் போட்ட பணம் வற்றிப்போயிருந்தது, அவ்வளவுதான். அதே காலத்தில் ஜாகுவார் எக்ஸ்ஜே220 என்ற அதிவேகப் புதுக் காருக்கு 50,000 பவுண்ட் முன்பணம் கட்டிக் காத்திருந்தவர்களில் பலர், 1992இல் கார் கைக்கு வரும் நேரத்தில் வேண்டாம் என்று பின்வாங்கப் பார்த்தார்கள், வழக்குவரை போனது. ஓட்டுவதற்காக முன்பணம் கட்டியிருந்தால் இப்படிப் பின்வாங்கியிருப்பார்களா?

2021லும் நடந்தது கிட்டத்தட்ட அதுதான். வட்டி மிகக் குறைவு, வீட்டில் முடங்கியவர்கள் கையில் செலவழியாத பணம். 2022லிருந்து வட்டி ஏறியது, விலை தளர்ந்தது. இது மட்டும் என்றால் காத்திருங்கள் என்றே சொல்லியிருப்பேன், வட்டி மறுபடி இறங்கும். ஆனால் எம்ஜிபி விஷயத்தில் இன்னொரு காரணம் இருக்கிறது, எனக்கு அதுதான் கவலை. இளம் வயதில் ஏங்கிப் பார்த்த காரைத்தான் மனிதர்கள் ஐம்பது வயதில் வாங்குகிறார்கள். 1970இல் இருபது வயதில் எம்ஜிபிக்கு ஆசைப்பட்டவருக்கு இன்று எழுபதுக்கு மேல், அவர் வாங்குகிற இடத்தில் இல்லை, விற்கிற இடத்தில் இருக்கிறார். 1990களின் பிள்ளைகளுக்கு வேண்டியது நிஸான் ஸ்கைலைன், டொயோட்டா சுப்ரா மாதிரி வண்டிகள். 25 வருடம் ஆன காரைத் தடையின்றி இறக்குமதி செய்யலாம் என்று அமெரிக்காவில் ஒரு விதி உண்டு, அதனால் 1999இன் ஆர்34 ஸ்கைலைனுக்கு 2024இல் கதவு திறந்தது. ஆசை ஒரு தலைமுறையிலிருந்து இன்னொன்றுக்கு நகரும்போது விழும் விலை அவ்வளவு எளிதில் திரும்பி வராது. உங்கள் 2021 விலை திரும்ப வரும் என்று எனக்குத் தோன்றவில்லை, மனதைத் தேற்றுவதற்காக மாற்றிச் சொல்ல மாட்டேன்.

ஒரு நல்ல செய்தி, உங்களுடையது 1972. 1974 கடைசியிலிருந்து கறுப்பு ரப்பர் பம்பர் வைத்து, வண்டியின் உயரத்தையும் ஏற்றிவிட்டார்கள். அதற்கு முந்தைய குரோம் பம்பர் வண்டிகளைத்தான் பலரும் தேடுகிறார்கள். பிறந்தபோது இருந்த என்ஜின்தானா, பழைய பில்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். சுமாரான வண்டிக்கும் நல்ல வண்டிக்கும் உள்ள விலை வித்தியாசம், சந்தையின் இந்த ஏற்ற இறக்கத்தைவிடப் பெரிது.

சரி, இப்போது அந்தக் கடைசி வரி. தயவுசெய்து வண்டியை எடுங்கள். ஐம்பது வருடம் தாண்டிய எம்ஜிபியில் ஆயிரம் கிலோமீட்டர் கூடினதற்காக யாரும் விலையைக் குறைப்பதில்லை. நிறுத்தி வைத்தால்தான் குறையும்: பெட்ரோல் கார்பரேட்டரில் பிசினாகப் படியும், பிரேக் பிஸ்டன் இறுகிப்போகும், உறைக்குள் ஈரம் தங்கும். எம்ஜிபிக்குத் தனி சேஸிஸ் (அடிச்சட்டம்) கிடையாது, கதவுக்குக் கீழே நீளவாக்கில் ஓடும் சில் பகுதிதான் பாரம் தாங்குகிறது, அது உள்ளிருந்தே துருப்பிடிக்கும், வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும். விவரம் தெரிந்தவர் முதலில் குனிந்து பார்ப்பது அங்கேதான். அதை வெட்டிச் சரியாக வெல்டிங் செய்யும் செலவு, நீங்கள் இப்போது இழந்ததாக நினைக்கும் தொகையையே தின்றுவிடலாம்.

பணம் அவசரமாகத் தேவையென்றால், வெயில் அடிக்கும் மாதங்களில் விற்றுவிடுங்கள், குளிரில் திறந்த காரை யாரும் நல்ல விலைக்குக் கேட்பதில்லை. அவசரமில்லை என்றால் வைத்து ஓட்டுங்கள். ஆனால் இத்தனை நாள் நின்ற வண்டி, தெருவுக்கு இறக்குமுன் பிரேக் ஆயிலை மாற்றி, டயர்களின் வயதையும் பார்த்துவிடுங்கள்.