தபாலில் வராத கணக்கு

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர், வயது 72. பல ஆண்டுகளாக ஒரு தனியார் வங்கியின் கிரெடிட் கார்டு வைத்திருக்கிறேன். மாதந்தோறும் தபாலில் ஸ்டேட்மென்ட் வரும். வந்த வாரத்திலேயே காசோலை எழுதிக் கொடுத்துவிடுவேன். மூன்று மாதங்களாக எதுவும் வரவில்லை. விசாரித்தால், மின்னஞ்சலுக்கு மாற்றிவிட்டதாகச் சொல்கிறார்கள். அந்த மின்னஞ்சல் முகவரி சென்னையில் வேலை பார்க்கும் என் மகனுடையது. அவனும் அதைப் பார்க்கவில்லை. இப்போது தாமதக் கட்டணமும் வட்டியும் சேர்த்துக் கேட்கிறார்கள். நான் கட்டத்தான் வேண்டுமா?
— மன்னார்குடி வாசகர்

பதில்: ஐயா, கார்டில் வாங்கிய பொருள்களுக்கான தொகையை முதலில் முழுமையாகக் கட்டிவிடுங்கள். அதன் மேல் ஏறிய வட்டியையும் கட்டணத்தையும் பற்றி மட்டுமே நீங்கள் வழக்காட வேண்டும். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு 3 விழுக்காட்டைத் தாண்டுகிறது. நியாயம் உங்கள் பக்கம் இருந்தாலும், அது கிடைக்கும் வரை அசலை நிலுவையில் வைத்திருப்பது கட்டுப்படியாகாது. ‘குறைந்தபட்சத் தொகை’ என்று அச்சிட்டிருப்பதை மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பதும் அதே பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும்.

இனி வழக்குக்கு வருவோம். 2022 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட கிரெடிட் கார்டு நெறிமுறைகளில் உங்களுக்குப் பயன்படும் செய்திகள் சில இருக்கின்றன. ஸ்டேட்மென்டை அனுப்புவதில் தாமதம் கூடாது. வட்டி ஏறத் தொடங்கும் முன் வாடிக்கையாளருக்குக் குறைந்தது இரண்டு வார அவகாசம் இருக்க வேண்டும். இணையம் அல்லது கைபேசி வழியாக ஸ்டேட்மென்ட் வழங்குவதற்கு வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் வேண்டும். அது அவர் கைக்குக் கிடைத்ததை உறுதிசெய்ய ஓர் ஏற்பாட்டையும் நிறுவனம் வைத்திருக்க வேண்டும். கெடு நாளிலிருந்து மூன்று நாள்களுக்கு மேல் தாமதமானால்தான் தாமதக் கட்டணமே விதிக்கலாம். ஆகவே, காகிதத்தை நிறுத்த நான் எப்போது, எந்த வழியில் சம்மதித்தேன், எந்த முகவரிக்கு எந்தத் தேதியில் ஸ்டேட்மென்ட் அனுப்பினீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வாய்மொழியாகக் கேட்டால் பதிலும் காற்றோடு போய்விடும். 30 நாள்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம்.

ஒன்றை மட்டும் மனம் கோணாமல் கேட்டுக்கொள்ளுங்கள். விண்ணப்பப் படிவத்தில் மகனுடைய மின்னஞ்சலை எழுதிக் கொடுத்தவர் நீங்களாக இருந்து, மின்னணு ஸ்டேட்மென்டுக்கான கட்டத்திலும் குறியிட்டிருந்தால், உங்கள் வாதம் வலுவிழந்துவிடும். தஞ்சை, திருவாரூர்ப் பக்கத்துக் குடும்பங்களில் இதை நிறையப் பார்க்கிறேன். பிள்ளைகள் சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருக்க, பெற்றோரின் வங்கிக் கணக்கில் அவர்களுடைய மின்னஞ்சலும் கைபேசி எண்ணும் பதிவாகியிருக்கும். காகிதக் காலத்தில் உறையின் மேல் யார் பெயர் இருந்ததோ அவர் கைக்குத்தான் கணக்கு வந்தது. இப்போது எந்த முகவரி பதிவாகியிருக்கிறதோ அங்கே போகிறது. இந்த வாரமே கிளைக்குப் போய் உங்கள் கைபேசி எண்ணைப் பதிவு செய்துகொள்ளுங்கள். காகிதம்தான் வேண்டுமென்றால் அதையும் எழுதிக் கொடுங்கள்; கட்டணம் உண்டா என்று கேட்டுக்கொண்டு கையெழுத்திடுங்கள்.

கைபேசி எண்ணை இவ்வளவு வற்புறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நமக்குத் தெரியாமல் கணக்கிலிருந்து பணம் போய்விட்டால் யார் பொறுப்பு என்பது பற்றி ரிசர்வ் வங்கி 2017 ஜூலையில் வெளியிட்ட விதிகளின்படி, வங்கியிடமோ வாடிக்கையாளரிடமோ குறையில்லாமல் வேறெங்கோ நேர்ந்த மோசடியாக இருந்து, வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாள்களுக்குள் தெரிவித்துவிட்டால் வாடிக்கையாளருக்கு இழப்பு இல்லை. நான்கு முதல் ஏழு வேலை நாள்கள் ஆகிவிட்டால், சாதாரணச் சேமிப்புக் கணக்கிலும், 5 லட்ச ரூபாய் வரை வரம்புள்ள கிரெடிட் கார்டிலும், அவர் 10,000 ரூபாய் வரை தாங்க வேண்டியிருக்கும். இதில் ‘தகவல்’ என்பது பெரும்பாலும் குறுஞ்செய்தியே. மாதம் ஒருமுறை வரும் ஸ்டேட்மென்ட், அது தபாலில் வந்தாலும் மின்னஞ்சலில் வந்தாலும், இந்த மூன்று நாள்களுக்குப் பெரும்பாலும் பிந்தியே வரும். காகிதம் நின்றதில் எனக்கும் வருத்தம் உண்டு. தபால்காரரின் மணிச் சத்தமே நமக்கு நினைவூட்டலாக இருந்தது. ஆனாலும் அந்தக் காகிதம் மோசடியிலிருந்து நம்மைக் காத்துவந்தது என்று சொல்வதற்கில்லை.

கேள்வி: நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் போட்ட நெல்லுக்கான பணம் வங்கிக் கணக்கில் வருகிறது. பாஸ்புக்கில் என்ட்ரி போடப் போனால் இயந்திரம் பழுது என்கிறார்கள், அல்லது செயலியில் பார்த்துக்கொள்ளச் சொல்கிறார்கள். என்னிடம் இருப்பது பட்டன் போன். பாஸ்புக்கையே நிறுத்திவிடப் போகிறார்களா?
— பாபநாசம் வாசகர்

பதில்: தனிநபர் சேமிப்புக் கணக்குக்குப் பாஸ்புக் கொடுத்தாக வேண்டும், அதன் செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2006-லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கிறது. பதிவுகளில் பணம் யாரிடமிருந்து, எதற்காக வந்தது என்பது புரியும்படி விவரம் இருக்க வேண்டும் என்று 2017-இல் மீண்டும் வலியுறுத்தியது. ஆகவே ‘செயலியில் பாருங்கள்’ என்பது ஒரு யோசனையாக இருக்கலாம். பாஸ்புக்குக்கு மாற்றாக அதை உங்கள் மேல் திணிக்க முடியாது. இயந்திரம் பழுதென்றால், கவுன்டரில் போட்டுத் தருமாறு கிளை மேலாளரிடம் கேளுங்கள்.

ஆனால் நீங்களும் ஓராண்டுக்கு ஒருமுறை புத்தகத்தை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். நீண்ட நாள் என்ட்ரி போடாமல் விட்டால், பல வங்கிகளில் பழைய வரவு செலவுகளை ஒரே வரியில் தொகுத்து அச்சிட்டுவிடுகிறார்கள். குறுவைப் பணம் எது, பயிர்க் காப்பீட்டுத் தொகை எது, கடனுக்குப் பிடித்தது எது என்று பிறகு பிரித்தறிய முடியாது. கொள்முதல் நிலைய ரசீதைப் பத்திரப்படுத்தி, பணம் வந்த வாரத்திலேயே என்ட்ரி போட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். மூட்டைக் கணக்கு தவறியிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

கேள்வி: 2018 கஜா புயலில் எங்கள் வீட்டுக் கூரையோடு பத்து ஆண்டு வங்கிக் காகிதங்களும் போய்விட்டன. சொத்து வழக்கு ஒன்றுக்காகப் பழைய கணக்கு தேவைப்படுகிறது. இணையத்தில் எடுத்த நகல் நீதிமன்றத்தில் செல்லுமா?
— வேதாரண்யம் வாசகி

பதில்: நீங்களே எடுத்த வெறும் அச்சு நகலை எதிர்த்தரப்பு மறுக்க இடமுண்டு. 1891-ஆம் ஆண்டின் வங்கியாளர் புத்தகச் சான்றுச் சட்டத்தில், தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000 வந்தபோது கணினிப் பதிவுகளும் சேர்க்கப்பட்டன. அதன்படி உரிய சான்றிதழுடன் வங்கி தரும் நகலே சாட்சியமாக ஏற்கப்படும். கிளையில், இந்தச் சட்டத்தின்படி சான்றளித்த நகல் வேண்டும் என்று எழுதிக் கேளுங்கள்; மொட்டையாக ‘ஸ்டேட்மென்ட்’ என்று கேட்டால் முத்திரை குத்திய தாள் மட்டும் கிடைக்கும். மிகப் பழைய பதிவுகளை வங்கிகள் காலவரையின்றி வைத்திருப்பதில்லை. ஆகவே தாமதிக்க வேண்டாம். இனிவரும் ஆண்டுகளுக்கு, ஏப்ரல் தோறும் முந்தைய நிதியாண்டின் கணக்கைத் தரவிறக்கிப் பென் டிரைவ் ஒன்றிலும், வெளியூரில் இருக்கும் பிள்ளைகளிடம் இன்னொன்றிலும் வைத்துக்கொள்ளுங்கள். கஜாவுக்குப் பிறகு மின்சாரமும் கைபேசிக் கோபுரங்களும் செயலிழந்து கிடந்ததைப் பார்த்த நீங்கள், இணையத்தை மட்டும் நம்பியிருங்கள் என்று நான் சொன்னால் சிரிப்பீர்கள்.

கேள்வி: மின்னஞ்சலில் வரும் ஸ்டேட்மென்ட் கடவுச்சொல் கேட்கிறது. பிரவுசிங் சென்டரில் திறந்து பிரின்ட் எடுக்கலாமா?
— மயிலாடுதுறை வாசகி

பதில்: கடவுச்சொல் எப்படி அமையும் என்பது அந்த மின்னஞ்சலிலேயே எழுதியிருக்கும், பெயரின் முதல் சில எழுத்துகளும் பிறந்த தேதியும் சேர்ந்ததாக இருப்பது வழக்கம். கோப்பைத் திறக்க இவ்வளவு போதும். கார்டு எண், பின் நம்பர், ஓடிபி ஆகியவற்றைக் கேட்டோ, ஒரு இணைப்பை அழுத்தி அவற்றைத் தரச் சொல்லியோ வந்தால் அது வங்கி அனுப்பியதல்ல. ஏமாந்து பணம் போய்விட்டால் வங்கியிடம் தெரிவிப்பதோடு 1930 என்ற எண்ணையும் உடனே அழைக்க வேண்டும். பிரவுசிங் சென்டரில் எடுக்கலாம், தவறில்லை. பிரின்ட் கைக்கு வந்ததும், தரவிறக்கிய கோப்பை அந்தக் கணினியிலிருந்து அழித்து, குப்பைத்தொட்டியிலும் நீக்கி, மின்னஞ்சலிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.