தினமும் பஸ்ஸில் போய்வரும்போது பாட்டுக் கேட்க எந்த ஹெட்போன் வாங்கலாம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்கு தினமும் பஸ்ஸில் வேலைக்குப் போவதாகவும், பஸ்ஸிலும் ஸ்டாப்பிலிருந்து வீட்டுக்கு நடக்கும்போதும் கேட்க 150 மலேசிய வெள்ளிக்குள் ஒன்று வேண்டும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். தலையில் மாட்டுவதா, காதில் செருகுவதா என்பதுதான் உங்கள் குழப்பம். நானும் இதே ஊர், எட்டு வருடமாக இதே பஸ். என் பதில்: காதில் செருகும் ஒயர் இயர்போன், நல்ல ரப்பர் முனையோடு. ஏன் என்று சொல்கிறேன்.

நான் முதலில் ஆசைப்பட்டு வாங்கியது கோஸ் கம்பெனியின் போர்ட்டா ப்ரோ என்ற, தலையில் மாட்டும் ஹெட்போன். 1984-இல் வந்த மாடல், இன்றும் கிட்டத்தட்ட அதே உருவத்தில் விற்கிறார்கள். மெல்லிய இரும்புப் பட்டை, காதின் மேல் பஞ்சு, மடித்தால் கைக்குள் அடங்கிவிடும். சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எண்பதுகளின் பாடல் ஒன்றைப் போட்டால், பேஸ் கிட்டார் பாடகரின் குரலுக்கு அடியில் தனியாக நடந்துபோவது கேட்கும். காது வியர்க்காது. வீட்டில் யாராவது கூப்பிட்டாலும் காதில் விழும். இன்றும் எனக்கு அது உயிர்.

ஆனால் பஸ்ஸுக்கு அது ஆகாது. பின்பக்கம் திறந்திருக்கும் வகை என்பதால் எஞ்சின் இரைச்சல், ஏர்கோன் சத்தம் எல்லாம் உள்ளே வந்துவிடும். முதலில் அடிபடுவது பேஸ், அதாவது பாட்டின் அடிக்குரல் ஒலிதான். அது கேட்கவில்லையே என்று சத்தத்தைக் கூட்டுவேன், பஸ் மேடு ஏறினால் இன்னும் கூட்டுவேன். இப்படி ஓர் ஆறு மாதம் போனது. ஒரு நாள் வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டு முடித்த பிறகும் காதுக்குள் 'கொய்ங்' என்ற சத்தம் நிற்கவில்லை. அன்று நிஜமாகவே பயந்துவிட்டேன். அப்பா செம்பனை ஆலையில் கொதிகலன் பக்கத்திலேயே இருபது வருடத்துக்கு மேல் வேலை செய்தவர். இன்று பின்னால் நின்று கூப்பிட்டால் அவருக்குக் கேட்காது. சொந்தக்காரர்கள் வந்து பேசினால் சிரித்துக்கொண்டே தலையாட்டுவார். என்ன பேசினார்கள் என்று பிறகு அம்மாவிடம் கேட்பார். அவருக்கு அது வேலையால் வந்தது, வேறு வழி இருக்கவில்லை. நான் பாட்டுக் கேட்டு அதை வரவழைத்துக்கொள்ளலாமா?

உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்கு இது: 80 டெசிபல் என்றால் வாரத்துக்கு 40 மணி நேரம் வரை கேட்கலாம். 90 டெசிபல் ஆனால் வெறும் 4 மணி நேரம். போக வர தினமும் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் என்றால், அந்த 4 மணி நேரம் செவ்வாய்க்கிழமையே தீர்ந்துவிடும். அதனால் வெளிச்சத்தத்தை எது நன்றாக அடைக்கிறதோ அதைத்தான் பஸ்ஸுக்கு வாங்க வேண்டும். அடைத்துவிட்டால் குறைந்த சத்தத்திலேயே பாட்டு முழுதாகக் கேட்கும்.

அடைப்பது முக்கியமாக ரப்பர் முனையின் கையில் இருக்கிறது. பெட்டியில் மூன்று அளவு தருவார்கள், பெரும்பாலோர் மாட்டியிருப்பதை மாற்றுவதே இல்லை. எனக்கு இடது காதுக்கு நடுத்தர அளவு, வலது காதுக்குச் சின்னது. காதுமடலை மேலே லேசாக இழுத்துக்கொண்டு செருகி, வாயை மூடி 'ம்ம்' என்று முனகிப் பாருங்கள். உங்கள் குரல் தலைக்குள் குடத்தில் பேசுவது மாதிரி கேட்டால் சரியாக அடைத்திருக்கிறது. பாட்டு சப்பென்று இருந்தால் இயர்போனைக் குறை சொல்லும் முன் முனையை மாற்றுங்கள்.

காதை முழுக்க மூடும் பெரிய ஹெட்போன் நம் வெயிலுக்கு எனக்குச் சரிப்படவில்லை. இரண்டே வருடத்தில் செயற்கைத் தோல் உரிந்து, கறுப்புத் துகள்கள் சட்டைக் காலரெல்லாம் ஒட்டின. ஏர்கோன் ஆபீசுக்குள்ளேயே இருப்பவர்களுக்கு அது வேறு கதை.

புளூடூத் வேண்டுமென்றால் வாங்கலாம், தப்பில்லை. இரைச்சலைக் குறைக்கும் ஏஎன்சி வசதி எஞ்சினின் அடிக்குரல் உறுமலை நன்றாகவே குறைக்கும், பக்கத்து சீட்டுப் பேச்சை அந்த அளவுக்குக் குறைக்காது. ஆனால் அதன் குட்டி பேட்டரி சில வருடத்தில் தளர்ந்துவிடும், மாற்றுவதும் சுலபமில்லை. அதே காசுக்கு ஒயர் வகையில் ஒலி நன்றாக இருக்கும் என்பது என் அனுபவம். உங்கள் போனில் ஹெட்போன் துளை இல்லாவிட்டால் ஒரு டைப்-சி அடாப்டர் வேண்டும். உள்ளே டிஏசி சிப் (போனின் டிஜிட்டல் பாட்டை இயர்போனுக்கு ஏற்ற சிக்னலாக மாற்றுவது) இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், சிப் இல்லாதது பல போன்களில் வேலையே செய்யாது. பாசார் மாலாம் இரவுச் சந்தையில் விற்பதை மாட்டிப் பார்க்காமல் வாங்க வேண்டாம்.

அப்புறம், நடக்கும்போது கேட்பது. காதை அடைக்கும் இயர்போனோடு நம் தோட்டத்துச் சாலையில் நடக்காதீர்கள், மோட்டாரில் போகும்போது ஹெல்மெட்டுக்குள் மாட்டவே மாட்டாதீர்கள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் அந்த வளைவில் எவ்வளவு வேகமாக வருகின்றன என்று உங்களுக்கே தெரியும். ஸ்டாப்பில் இறங்கியதும் நான் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுவிடுவேன். பாட்டில்லாமல் நடக்கவே முடியாது என்றால், சாலைப் பக்கத்துக் காதையாவது திறந்து வையுங்கள்.