பழங்காலப் புனிதக் கதைகளில் மனிதனுக்கும் தெய்வத்துக்கும் என்ன உறவு?

தெய்வ உறவு என்றால், மனிதன் எதற்காகப் படைக்கப்பட்டான், தெய்வத்துக்கு என்ன கடமைப்பட்டவன், பதிலுக்கு எதைக் கேட்கலாம் என்பதுதான். இது கதைக்குக் கதை மாறும்.

மெசொப்பொத்தேமியாவின் (இன்றைய ஈராக் பகுதி) அத்ரஹாசிஸ் கதையில், கால்வாய் வெட்டிக் களைத்த சிறு தெய்வங்கள் வேலைநிறுத்தம் செய்கின்றன. அந்த உழைப்பைச் சுமக்கவே, களிமண்ணில் ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் கலந்து மனிதனை உருவாக்குகிறார்கள். பண்ணையார், கூலியாள் உறவு மாதிரி. கால்வாயைத் தூர்வாரி, கோயில் நிலங்களில் பாடுபட்ட மக்களுக்குத் தெய்வம் நிலக்காரராகத் தெரிந்ததில் வியப்பில்லை. ஆனால் தேவை இருபக்கமும் உண்டு. தெய்வங்கள் மனிதரை அழிக்க அனுப்பிய பெருவெள்ளத்துக்கு அப்புறம், தப்பியவர் இட்ட பலியின் வாசனை எழுந்ததும், பசியில் வாடிய தெய்வங்கள் ஈக்களைப் போல மொய்க்கின்றன. எப்போது படித்தாலும் மனதைப் பிசையும் காட்சி இது.

எபிரேய ஆதியாகமத்தில், அதாவது பைபிளின் முதல் நூலில், உறவு ஓர் உடன்படிக்கை, இருவர் எழுதிக்கொண்ட பத்திரம் மாதிரி. வாக்குக் கொடுத்தவரிடம் நியாயம் கேட்கலாம் அல்லவா? கடவுள் அழிக்கவிருந்த சோதோம் நகரைக் காப்பாற்ற, அவரோடு உடன்படிக்கை செய்த ஆபிரகாம் கடவுளிடமே பேசிப் பார்க்கிறார்: 50 நீதிமான்கள் இருந்தால் அழிக்காமல் விடுவீரா என்று தொடங்கி, 10 வரை இறக்குகிறார்.

இரண்டிலும் பெருவெள்ளம் வருவதால் ‘எல்லாம் ஒரே கதைதான்’ என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை: அத்ரஹாசிஸில் மனிதர்களின் இரைச்சலால் தலைமைத் தெய்வமான என்லில் தூக்கம் இழந்து வெள்ளத்தை அனுப்புகிறார், ஆதியாகமத்தில் வெள்ளத்துக்குக் காரணம் மனிதர்களின் கொடுமை.