தங்கையை ஏன் காவலுக்கு வைத்தீர்கள்?

கேள்வி: என் மகனுக்குப் பத்து வயது, ஐந்தாம் வகுப்பு. அவனுக்கு ஏடிஹெச்டி, அதாவது கவனம் நிற்காமல், துறுதுறுப்பும் அவசரமும் அடங்காமல் இருக்கும் பிரச்சினை, இருப்பதாகப் போன வருடம் அரசு மருத்துவமனையில் சொன்னார்கள். படிப்பு கூடப் பரவாயில்லை, அவனை யாரும் விளையாட்டில் சேர்ப்பதில்லை என்பதுதான் என் கவலை. கேரம் ஆடினால் தன் முறை வரும்வரை பொறுக்க மாட்டான். ஸ்ட்ரைக்கரைப் பிடுங்குவான், தோற்கிற மாதிரி இருந்தால் போர்டையே கலைத்துவிடுவான். மாடி வீட்டுப் பையன் மட்டும் எப்போதாவது வந்து கூப்பிடுவான். எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. எல்லாம் தெரிந்தே செய்கிறான். அதே பள்ளியில் இரண்டாம் வகுப்பு படிக்கும் என் மகள் சமத்து. இன்டர்வெல்லில் போய் எட்டிப் பார்த்துவிட்டு, அண்ணன் என்னென்ன செய்தான் என்று சாயங்காலம் ஒன்றுவிடாமல் சொல்லிவிடுவாள். அவள் அப்பா ஹார்பரிலிருந்து வந்ததும் விசாரிப்பார், சில நாள் அடியும் விழும். அப்படியும் திருந்தவில்லை. மாமியார் மாத்திரையே வேண்டாம் என்கிறார். நாலு பேரோடு பழக இவனுக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தண்டையார்பேட்டை (கடிதம் சுருக்கப்பட்டுள்ளது)

பதில்: நீங்கள் அனுப்பிய கடிதத்தில் மகனைப் பற்றி மூன்று பக்கம் இருக்கிறது. மகளைப் பற்றி இரண்டே வரி. அந்த இரண்டு வரியைத் தாண்டி என்னால் போக முடியவில்லை.

ஏழு வயதுக் குழந்தை. இன்டர்வெல் மணி அடித்ததும் அவள் வகுப்புப் பிள்ளைகள் தண்ணீர் குடிக்கவும் பாண்டி ஆடவும் ஓடுகிறார்கள். அவள் மட்டும் ஐந்தாம் வகுப்பு வராண்டாவுக்குப் போகிறாள். அண்ணன் யாரை இடித்தான், மிஸ் எதற்குத் திட்டினார்கள் என்று பார்த்து மனதில் வைத்துக்கொள்கிறாள். சாயங்காலம் பையை இறக்கி வைத்ததும் உங்கள் முன்னால் நின்று ஒப்பிக்கிறாள். அதைக் கேட்டு அவள் அப்பா அண்ணனை அடிக்கிறார். இதற்கு நீங்கள் வைத்த பெயர் சமத்து.

இது தவறு, தங்கச்சி. பிள்ளையைக் கவனிப்பது பெற்றவர்கள் வேலை. அதை இன்னொரு பிள்ளையின் தலையில் கட்டக் கூடாது. என்ன கஷ்டம் என்றாலும் கூடாது. நாளைக்கு உங்கள் மகளின் குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமனாக மடியில் வைத்துக்கொள்ளப் போகிறவன் இவன்தான். நீங்கள் இருவரும் போன பிறகு இவளுக்குப் பிறந்த வீடு என்று மிஞ்சுவதும் இவன்தான். அந்த உறவில் இப்போதே ஒருத்தியைச் சாட்சியாகவும் ஒருவனைக் குற்றவாளியாகவும் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்.

அப்புறம் 'யாரும் சேர்ப்பதில்லை' என்கிறீர்கள். ஐந்தாம் வகுப்புப் பையன்களின் கண்ணால் கொஞ்சம் பாருங்கள். தினமும் இரண்டாம் வகுப்புத் தங்கை வந்து வேவு பார்த்துவிட்டுப் போகிற பையன் அவன். அந்த வயதுப் பையன்களுக்கு மானம் பெரிது. ஏற்கெனவே ஒதுங்கி நிற்கிறவனைக் கேலி செய்ய இதைவிட வேறென்ன வேண்டும்? ஏடிஹெச்டி உள்ள பிள்ளைகளுக்கு இந்தப் பெயர் கெடுவது மிகச் சீக்கிரம் நடந்துவிடுகிறது. அமெரிக்காவில் இந்தப் பிள்ளைகளை வைத்து நடந்த பெரிய ஆய்வு ஒன்றில், வகுப்பிலுள்ள மற்றவர்களையே கேட்டுப் பார்த்தபோது, பாதிப் பேருக்கு மேல் 'எங்களுக்குப் பிடிக்காதவர்கள்' பட்டியலில்தான் வந்தார்கள். கெட்ட பெயர் விழுந்துவிட்டால், பிள்ளை மாறிய பிறகும் அது லேசில் போவதில்லை. அதில் உங்கள் வீட்டுப் பங்கும் சேர வேண்டாம்.

'தெரிந்தே செய்கிறான்' என்கிறீர்கள். தெரியும்தான். சாயங்காலம் கூப்பிட்டு, கேரத்தில் எப்படி ஆட வேண்டும் என்று கேட்டால், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும், பிடுங்கக் கூடாது என்று கடகடவென்று சொல்வான். ஆனால் எதிராளியின் காய் குழியில் விழுந்த அந்த அரை நொடியில், தெரிந்தது கைக்கு வந்து சேருவதில்லை. நினைத்ததும் பாயாமல் கையை நிறுத்துவது, இரண்டு மூன்று விஷயங்களை ஒரே நேரத்தில் மனதில் பிடித்து வைப்பது, எதிரில் இருப்பவன் முகம் மாறுவதைப் பார்த்துத் தன் போக்கை மாற்றுவது, இவையெல்லாம் அறிவோ ஒழுக்கமோ சார்ந்தவை இல்லை. மூளையின் முன்பகுதி மெல்ல மெல்லக் கற்றுக்கொள்கிற வேலைகள். 2007-ல் அமெரிக்க தேசிய மனநல நிறுவனத்தார் பிள்ளைகளின் மூளையை ஸ்கேன் செய்து வருடக்கணக்கில் தொடர்ந்து பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். மூளையின் மேலுறையில் பாதி இடங்கள் முழுத் தடிமனை எட்டும் வயது மற்றப் பிள்ளைகளுக்குச் சராசரியாக ஏழரை என்றால், ஏடிஹெச்டி உள்ளவர்களுக்குப் பத்தரையாக இருந்தது. அதிகம் தாமதமானது முன்பகுதிதான். வளர்ச்சி நடக்கிற வரிசை ஒன்றுதான், காலம்தான் பிந்துகிறது.

அப்படியென்றால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்று யோசியுங்கள். தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்வதில் அண்ணனும் தங்கையும் ஏறக்குறைய ஒரே வயது. ஒரு குழந்தையை இன்னொரு குழந்தைக்கு மேஸ்திரியாக்கியிருக்கிறீர்கள்.

அந்தச் சாயங்கால விசாரணையால் பிள்ளைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. காலை பதினொரு மணிக்கு நடந்ததற்கு ராத்திரி ஏழு மணிக்கு அடி விழுந்தால், மதியம் தீய்ந்த சோற்றுக்கு ராத்திரி அடுப்பை அணைத்த மாதிரிதான். இந்தப் பிள்ளைகளுக்குப் பாராட்டோ கண்டிப்போ அந்த இடத்திலேயே, அந்த நிமிடத்திலேயே வந்தால்தான் மனதில் ஒட்டும். எட்டு மணி நேரம் கழித்து அவன் கற்றுக்கொள்வதெல்லாம் அப்பா அடிப்பார், தங்கச்சி போட்டுக்கொடுப்பாள் என்பது மட்டும்தான். அடியை இன்றோடு நிறுத்துங்கள். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

பள்ளியில் நடப்பது உங்களுக்குத் தெரிய வேண்டும், சரி. அதற்கு வகுப்பாசிரியர் இருக்கிறார். நேரில் போய்ப் பாருங்கள். நாற்பது பிள்ளைகளை வைத்திருப்பவரிடம் பெரிய அறிக்கை கேட்காதீர்கள். ஒரு சின்ன நோட்டில் இரண்டே விஷயம்: பேச முந்திக்கொள்ளாமல் கை தூக்கினானா, இன்டர்வெல்லில் வரிசையில் நின்றானா. செய்திருந்தால் ஒரு டிக், அவ்வளவுதான். செய்யாததை எழுத வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். இரண்டு டிக் வந்த நாளில் வீட்டுக்குள் நுழைந்ததும் அவனுக்குப் பிடித்தது ஏதாவது கிடைக்கட்டும். பள்ளியையும் வீட்டையும் இப்படி நோட்டால் இணைப்பது உலகம் முழுக்க மருத்துவர்கள் சொல்கிற வழிதான்.

இப்போது கேரம். உங்கள் வட்டாரத்தில் கேரத்தை யாரும் பொழுதுபோக்காக நினைப்பதில்லை. புது வண்ணாரப்பேட்டையிலிருந்து போன காசிமா என்ற கேரம் வீராங்கனை 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வாங்கிவந்தார். அப்படிப்பட்ட இடத்தில் போர்டைக் கலைத்தவனை நாலு பையன்கள் சேர்ந்து மன்னிக்க மாட்டார்கள். ஆகவே நாலு பேரை விடுங்கள். கடிதத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள், மாடி வீட்டுப் பையன் இன்னும் வந்து கூப்பிடுகிறான் என்று. அந்த ஒருவன் போதும்.

ஞாயிற்றுக்கிழமை அவனை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். அரை மணி நேரம், அதற்கு மேல் வேண்டாம். அவன் வருவதற்கு ஐந்து நிமிடம் முன்னால் மகனிடம் ஒரே ஒரு விதி மட்டும் சொல்லுங்கள்: 'அவன் அடித்து முடிக்கும்வரை உன் இரண்டு கையும் முட்டி மேல.' இரண்டாவது விதி சொன்னால் முதலாவதும் மறந்துவிடும். நீங்கள் பக்கத்திலேயே, கை எட்டுகிற தூரத்தில் உட்காருங்கள். வெங்காயம் உரியுங்கள், ஏதாவது செய்யுங்கள், ஆனால் எழுந்து போகாதீர்கள். அவன் கை முட்டியை விட்டுக் கிளம்பும்போதே தோளில் மெதுவாக ஒரு தட்டு. பேச்சு வேண்டாம், அந்தப் பையன் முன்னால் புத்தி சொல்லவே வேண்டாம். கோபம் ஏறுவது தெரிந்தால் தண்ணீர் கொண்டுவா என்று அனுப்புங்கள். நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே போர்டை எடுத்து வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் சுண்டலைக் கொடுங்கள். சண்டையில் முடிந்தால் அந்தச் சண்டைதான் அவனுக்கு ஞாபகமிருக்கும். வாராவாரம் இதைச் செய்யுங்கள். பழகச் சொல்லிக்கொடுப்பது எப்படி என்று கேட்டீர்களே, வகுப்பெடுத்துச் சொல்லிக்கொடுக்க முடியாது. ஆடுகிற இடத்தில் கூட இருந்துதான் முடியும்.

மகளிடம் இன்று ராத்திரியே சொல்லுங்கள்: 'இனிமேல் அண்ணனைப் பார்த்துக்கொள்வது அம்மா வேலை, நீ உன் இன்டர்வெல்லில் விளையாடு.' பழக்கத்தில் ஒப்பிக்க வருவாள். கேட்காதீர்கள். நீ யாரோடு சாப்பிட்டாய், உன் மிஸ் இன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேளுங்கள். முதல் சில நாள் அவளுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. அவளுக்கென்று ஒரு நாள் இதுவரை இருந்ததில்லை.

மாத்திரை விஷயம் மாமியார் முடிவு செய்வது இல்லை. மருத்துவர் எழுதியது மெத்தில்ஃபெனிடேட் என்றால் அது பல பத்தாண்டுகளாகப் புழக்கத்தில் இருக்கிற மருந்து. பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம். எடையும் உயரமும் பார்த்துக்கொண்டே வர வேண்டும். கையை நிறுத்த அது உதவும், நண்பனைத் தேடித் தராது. சந்தேகம் இருந்தால் எழுதியவரிடமே போய்க் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

மாமியாரிடம் வேறொன்று கேளுங்கள்: அவர் மகன் பத்து வயதில் எப்படி இருந்தார்? ஏடிஹெச்டி பெருமளவு பரம்பரையாக வருவது. உங்கள் கணவரும் இதே அடியை வாங்கி வளர்ந்தவராக இருக்கலாம். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஷிஃப்ட் இருக்கிறது, மாற்ற முடியாது என்பார். கல்யாணம் காரியத்துக்கு மாற்றிக்கொள்கிறார்தானே, இதற்கும் மாற்றட்டும்.